தாய்ச்சிறகும் தகரக்கூரையும்

திருவண்ணாமலையில் ஒரு கோழிக்குஞ்சு முற்றத்துக்கு இறங்குவது இரண்டு விதமாக நடக்கிறது. கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலை போன்ற இடங்களில் இன்னும் அடைக்கோழியின் ஆட்சிதான். பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் பெட்டை முன்னே நடக்கும், பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் அதன் காலை உரசிக்கொண்டு ஓடும். செங்கம் சாலைப் பக்கத்துப் புது மனைகளிலோ குஞ்சுக்குத் தாய் கிடையாது. பொரிப்பகத்திலிருந்து அட்டைப்பெட்டியில் வந்து, குண்டு பல்பின் கீழே சில வாரம் கிடந்து, வீட்டுக்காரர் சவுக்குக் கம்பும் கம்பிவலையும் தகரமும் வைத்து அடித்த கூண்டுக்கு ஒருநாள் குடிபோகிறது.

இரண்டும் கோழி வளர்ப்புதான். ஆனால் ஒன்றைச் செய்கிறவர்களுக்கு மற்றது விளையாட்டாகத் தோன்றும். பஞ்சாரக்காரர்களுக்கு, பல்பு வைத்துக் கோழி வளர்ப்பது பட்டணத்து வேலை. கூண்டுக்காரர்களுக்கு, குஞ்சைத் தெருவில் தாயோடு அலையவிடுவது பருந்துக்குப் படையல் வைப்பது. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் குஞ்சு வெளியே வரும் அந்தச் சில வாரங்களை மட்டும் தனியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு வழிகளும் ஒரே பாடத்தையே வேறு வேறு ஆசிரியரைக் கொண்டு நடத்துவது தெரியும். எங்கே ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்கிறோமோ அங்கே பிரிகின்றன, எங்கே பிரியும் என்று நினைக்கிறோமோ அங்கே கைகோக்கின்றன.

முதலில் சூடு. பல்பின் கணக்கு எல்லோரும் அறிந்தது. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து, வெளிக்காற்றின் சூட்டோடு அது சமமாகும் நாளில் பல்பைக் கழற்றிவிடலாம். குறைப்பதற்கு வழியும் எளிது, பல்பை உயரத் தூக்கிக் கட்டினால் போதும். தாய்க்கோழியிடம் இப்படி ஏற்றி இறக்க ஒன்றுமில்லை. அதன் உடம்பு முதல் நாளும் 41 டிகிரிதான், நாற்பதாம் நாளும் 41 டிகிரிதான். அது குறைப்பது நேரத்தை. முதல் வாரத்தில் பத்து நிமிஷம் மேய்ந்தால் உடனே உட்கார்ந்து சிறகை விரிக்கும். மூன்றாம் வாரத்தில் குஞ்சு சிணுங்கினாலும் சட்டென்று உட்காராது. ஐந்தாம் வாரத்தில் பகலில் உட்காருவதே அபூர்வம், இரவுக்கு மட்டும்தான் சிறகு. ஆக மனிதன் சூட்டைக் குறைக்கிறான், கோழி சூடு கிடைக்கும் பொழுதைக் குறைக்கிறது. குஞ்சின் உடம்பில் போய்ச் சேரும் பாடம் ஒன்றுதான்: இனிமேல் உன் சூட்டை நீயே உண்டாக்கு.

ஆனாலும் கோழி நடத்தும் பாடத்தில் ஒரு நுட்பம் கூடுதல். தாயின் கீழே எந்தக் குஞ்சுக்குக் குளிர்கிறதோ அது உள்ளே போகிறது, வேண்டாத குஞ்சு முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய அளவைத் தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. பல்பு பெட்டி முழுவதற்கும் ஒரே தீர்ப்பை வழங்குகிறது. நல்ல வளர்ப்பாளர் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பல்பைத் தொங்கவிட்டு மறுமூலையைக் குளிர்ச்சியாக வைப்பதன் ரகசியம் இதுதான். தெரிந்தோ தெரியாமலோ அவர் கோழியைப் பார்த்து எழுதுகிறார்.

இந்த ஊரின் வெயில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. குளிர்நாட்டுக் கையேடுகள் குஞ்சை ஆறு வாரத்துக்கு முன் வெளியே விடாதே என்கின்றன. உடம்பு முழுக்க இறகு மூட ஏறக்குறைய அவ்வளவு நாளாகும் என்பதால் அங்கே அது சரி. சித்திரையில் பகல் 40 டிகிரியைத் தொடும் திருவண்ணாமலையில், இரண்டாம் வாரக் குஞ்சுக்கே பகலில் பல்பு வேண்டாம். மலையடிவாரத்தில் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் வெளியே விடும், அங்கே ராத்திரிக் குளிரும் பெரிதாக இராது. மூன்று, நான்கு வாரத்தில் கூண்டுக்கு மாற்றிவிடலாம். மார்கழியில் அதே கூண்டுக்கு அதே குஞ்சை அந்த வயதில் அனுப்பினால், விடியற்காலைப் பனியில் மூலையில் குவிந்து ஒன்றையொன்று நசுக்கிக் கிடக்கும். தாய்க்கோழிக்கு இந்தக் கையேடு தேவையில்லை. சித்திரையில் அது முன்னதாகவே சிறகைச் சுருக்கிக்கொள்கிறது, மார்கழியில் அதிக நாள் விரிக்கிறது. தை, மாசியில் குஞ்சு பொரிக்குமாறு அடை வைக்கும் பெண்கள் பனிக்கும் கோடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பிடித்திருக்கிறார்கள். கூண்டுக்காரர் வருஷத்தில் எந்த நாளிலும் குஞ்சு வாங்கலாம் என்பது அவருக்குக் கிடைத்த சுதந்திரம். எந்த நாளில் வாங்கினாலும் கணக்கைத் தானே போடவேண்டும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

சூட்டைவிடப் பெரிய வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. இது பலரும் கவனிக்காத இடம். தாய்க்கோழி தரும் கதகதப்பு இருட்டானது. பல்பு தரும் கதகதப்பு பளிச்சென்று எரிகிறது. தாயின் கீழே போன குஞ்சு கண்ணை மூடுகிறது, வெளியே வந்த குஞ்சு தின்கிறது. தூக்கமும் விழிப்பும் அங்கே தனித்தனிப் பொழுதுகள். பல்பின் கீழே ஒன்று தூங்கும்போது இன்னொன்று தின்கிறது, தூங்குகிறதன் விரலையும் வாலையும் மூன்றாவது ஒன்று கொத்திப் பார்க்கிறது. தாயோடு வளர்ந்த குஞ்சுகளிடம் இறகு கொத்தும் பழக்கமும் மிரட்சியும் குறைவு என்று கோழி நடத்தை பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைவிட வியப்பு, தாயே இல்லாமல் இருட்டான ஒரு கதகதப்பு மூலையை மட்டும் அமைத்துக் கொடுத்தாலும் அந்தக் கொத்தல் குறைகிறது என்பது. தாய் செய்யும் வேலையில் ஒரு பங்கைச் சும்மா இருட்டே செய்துவிடுகிறது.

பல்பு வெளிச்சத்தில் வளர்ந்ததன் விளைவு கூண்டுக்கு மாறிய முதல் சாயங்காலம் தெரிந்துவிடும். கூண்டின் உள்ளறையில் புதிதாகப் போட்ட உமி, உயரத்தில் வழவழப்பாகத் தேய்த்த கம்பு, ஏறுவதற்குச் சின்ன ஏணி எல்லாம் தயாராக இருக்கும். இருள் கவிந்ததும் குஞ்சுகள் அதற்குள் போவதில்லை. தெருவிளக்கின் ஒளி வலை வழியாக விழுகிற ஓர் அடி அகல இடத்தில் போய், ஒன்றின் முதுகில் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்று, கீச்கீச்சென்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவற்றுக்குக் கதகதப்பு என்றால் வெளிச்சம். இருட்டறைக்குள் போனால் சூடு கிடைக்கும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே வைத்தாலும் மறுநாள் அதே இடத்தில்தான் நிற்கும். உள்ளறைக்குள் சின்ன விளக்கொன்றை அந்தி நேரத்தில் எரியவிட்டு, அவை உள்ளே அடைந்தபின் அணைத்துவிட்டால், சில நாளில் விளக்கே இல்லாமல் தாமாகப் போகப் பழகிவிடும். பஞ்சாரத்துக் குஞ்சுக்கு இந்தப் பாடம் பிறந்த அன்றே முடிந்துவிட்டது. அதன் முதல் வீடே இருட்டு.

அரசின் திட்டங்களும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. மத்திய அரசின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டத்தில், 'தாய் அலகு' என்ற பெயரில் நடந்த பண்ணைகள் குஞ்சுகளை நான்கு வாரம் வரை வளர்த்து, அதன் பிறகே ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தன. தமிழ்நாட்டில் ஊரகப் பெண்களுக்கு வழங்கிய நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் நான்கு வார வயதுக் குஞ்சுகளே. பல்பு பார்க்கும் வேலை அலகுக்கு, கூண்டு பார்க்கும் வேலை வீட்டுக்கு என்று பொறுப்பைப் பிரித்திருக்கிறார்கள். குஞ்சுகள் அதிகமாகச் சாவது முதல் சில வாரங்களில்தான். அந்த இழப்பை ஏழை வீட்டின் தலையில் போடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. தாய்க்கோழியும் நான்காம் வாரத்தை ஒட்டித்தான் தன் பிடியைத் தளர்த்தத் தொடங்குகிறது. அலுவலகக் கோப்பும் அடைக்கோழியும் ஒரே வாரத்தில் வந்து சந்தித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இனி இரண்டு கட்டடங்களையும் பார்ப்போம். பஞ்சாரம் மூங்கிற்பத்தையைப் பின்னிச் செய்த கவிழ்த்த கூடை. அடி இல்லை. இடுக்குகள் வழியே காற்று வரும், குஞ்சு வராது. மேலே ஒரு கல்லை வைத்தால் நாய் தள்ளாது. கூண்டு அப்படியில்லை, அதற்குக் கால் உண்டு, கதவு உண்டு, கூரை உண்டு, ஒரே இடத்தில் நிற்கும். ஒன்று ஒரு கையால் தூக்கும் பொருள், மற்றது வீட்டின் ஒரு பகுதி. தோற்றத்தில் ஏழையாகத் தெரியும் பஞ்சாரம் சுகாதாரத்தில் பணக்காரன். காலையில் திண்ணையோரம், மதியம் வேப்பமர நிழல், நாளை கொல்லைப்புறம் என்று அது இடம் மாறுவதால், எச்சம் ஓரிடத்தில் குவிவதில்லை. கூண்டின் தரை தினமும் அதே தரை. ஈரம் சேர்ந்தால் அந்த எச்சத்தில் இரத்தக்கழிச்சலின் முட்டைகள் முற்றிக் காத்திருக்கும். புதிதாக மண்ணைக் கொத்த வந்த இளங்குஞ்சுகள்தான் அதற்கு முதல் இரை. அதனால் கூண்டுக்காரர் உமியையோ தேங்காய்நார்த் தூளையோ அடிக்கடி கிளறி, நனைந்ததை அள்ளி, காய்ந்ததைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது அன்றாட வேலை. மகாதீபம் ஏற்றும் நாட்களில் ஊர் முழுக்க மலையுச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோழிக்காரரின் கண் கூண்டின் தரையில் இருந்தாக வேண்டும்.

இங்கே எதிர்பாராத உறவினர் ஒருவர் வருகிறார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜோயல் சலாட்டின் என்ற விவசாயி, அடியில்லாத கூண்டுகளைப் புல்வெளியில் தினமும் ஒரு கூண்டளவு நகர்த்திக் கோழி வளர்ப்பதை உலகறியச் செய்தார். கோழிக்கு நாள்தோறும் புதுத்தரை, நிலத்துக்கு நாள்தோறும் புது எரு. இன்று இயற்கை வேளாண்மையில் ஆர்வம்கொண்டு இந்த ஊரில் வந்து தங்கியவர்கள் சிலர் அந்த நகரும் கூண்டின் படத்தைப் பார்த்துச் சக்கரம் வைத்துச் செய்கிறார்கள். பக்கத்துத் தெருவில் பஞ்சாரம் அதைச் சக்கரமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அளவும் நோக்கமும் வேறுதான், சலாட்டினுடையது கறிக்கோழிப் பண்ணை. தரையை மாற்று என்ற அறிவு மட்டும் இரண்டுக்கும் பொது.

கூரை விஷயத்தில் கூண்டுக்குச் சோதனை அதிகம். தாய்க்கோழி மணிக்கு மணி இடம் தேர்ந்தெடுக்கிறது. காலை இளவெயிலில் குஞ்சுகளை நிறுத்துகிறது, பத்து மணிக்குமேல் புதருக்குள் இழுத்துப் போகிறது, உச்சிவெயிலில் ஈரமண்ணைக் கீறி அதில் படுக்க வைக்கிறது. நகராத கூண்டு எல்லா மணிக்கும் பொருத்தமான ஓரிடத்தை முன்கூட்டியே கண்டுபிடித்தாக வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். சித்திரை மதியத்தில் தகரத்தின் அடியில் உயரமில்லாத கூண்டு அடுப்பாகிவிடும். நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்து, கூரையைத் தலைக்கு மேல் நன்றாக உயர்த்தி, தகரத்தின்மேல் தென்னங்கீற்று போட்டு, பக்கங்களை வலையோடு திறந்து விட்டால் கோழி அங்குமிங்கும் தேடியலையும் நிழலை ஒரே இடத்தில் உண்டாக்கலாம். குளிர்நாட்டுக் கூண்டு காற்றை வெளியே நிறுத்தக் கட்டப்படுகிறது. நம் கூண்டு காற்றை உள்ளே அழைக்கக் கட்டப்பட வேண்டும். படத்தைப் பார்த்து அப்படியே அடிக்கிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பகைவர்களைப் பொறுத்தவரை இரண்டு வழிகளும் ஆளுக்குப் பாதியைப் பங்கிட்டுக்கொண்டவை போலத் தெரிகின்றன. பகலின் பகைவர் வானத்தில் வருகிறார்கள்: பருந்து, வல்லூறு, காக்கை. இரவின் பகைவர் தரையில் வருகிறார்கள்: காட்டுப்பூனை, மரநாய், பெருச்சாளி, பாம்பு. கீரி மட்டும் தரையில், பெரும்பாலும் பகலில் வரும். 1980களின் பிற்பகுதியிலிருந்து தொண்டர்கள் நட்டு வளர்த்த மரங்களால் மலைச்சரிவு பல இடங்களில் மறுபடி பசுமையாகியிருக்கிறது. காடு திரும்பினால் காட்டில் வாழ்பவையும் திரும்பும் என்பதை மலையோர வீடுகளின் கோழிக்காரர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வானத்துப் பகைவரிடம் தாய்க்கோழிக்கு நிகர் இல்லை. மேலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறொரு குரல் என்று கோழிகள் பிரித்து எச்சரிப்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட உண்மை. முதல் குரலுக்குக் குஞ்சுகள் இருந்த இடத்தில் உறைகின்றன அல்லது புதருக்குள் பாய்கின்றன. இரண்டாவது குரலுக்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கின்றன. பல்புக் குஞ்சுக்கும் இந்தக் குரலைக் கேட்டால் பதறும் இயல்பு பிறவியிலேயே உண்டு. ஆனால் குரல் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? அதனால் கூண்டுக்காரர் மேலேயும் வலை போடுகிறார். ஆனால் இரவில், நல்ல பாம்பு பஞ்சாரத்தின் இடுக்கில் தலையை நுழைத்துவிட்டால் தாயால் செய்யக்கூடியது அதிகமில்லை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பழைய வீடுகளில் இரவானதும் பஞ்சாரத்தைத் திண்ணைக்கோ வீட்டுக்குள்ளேயோ எடுத்து வைத்துவிடுவது அதனால்தான். கூண்டு தன் மதிப்பை முழுதாகக் காட்டும் நேரம் இரவு. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. கடையில் 'கோழிவலை' என்று கேட்டால் கொடுக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயையும் கீரியையும் வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் இரவைத் தாங்கும். அதையும் தரைக்குள் ஓர் அடி இறக்கிப் புதைத்தால்தான் தோண்டி வருகிறவை திரும்பிப் போகும். தாய் கற்றுக்கொடுக்கிறது, கூண்டு மறைத்துக்கொள்கிறது. கற்ற குஞ்சு வேலி இல்லாத இடத்திலும் பிழைக்கும், கல்லாத குஞ்சு வேலி இருக்கும் வரை பிழைக்கும்.

தீனியிலும் இந்த வேறுபாடுதான் வேறு உருவில் வருகிறது. தாய் எதையாவது கண்டால் அலகால் எடுத்துக் கீழே போட்டு, தொடர்ந்து மெல்லக் குரல் கொடுத்துக் குஞ்சுகளை அழைக்கும். சாணியும் வைக்கோலும் அடைத்துக் கவிழ்த்த பழைய பானையில் ஏறிய கரையானை உதறிக் கொட்டினால் அந்தக் குரல் இன்னும் வேகமாகும். எது தீனி, எது கல் என்று குஞ்சு இப்படித்தான் அறிகிறது. பல்புக் குஞ்சு தட்டில் இருக்கும் தூள்தீவனம் ஒன்றையே அறியும். வெளியே வந்த முதல் நாள் புழு ஊர்வதைக் கண்டு பின்வாங்கும் குஞ்சுகள் உண்டு. ஆனால் இந்தக் குறையைக் கூண்டு எளிதாக ஈடுகட்டுகிறது, ஏனென்றால் குஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்துக் கற்கின்றன. துணிந்த ஒன்று கொத்தினால் மற்றவை அதைப் பிடுங்க ஓடும். மாற்றுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே பெட்டிக்குள் கொஞ்சம் கொல்லைமண்ணும் கீரைத்தண்டும் போட்டுப் பழக்கியவர்களுக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை.

ஒரு விஷயத்தில் கூண்டு தெளிவாக முந்துகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இராது. அது தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் பஞ்சாரம், கூண்டு என்று பார்ப்பதில்லை. 1920களில் இமயமலைப் பகுதி ராணிக்கேத்தில் அடையாளம் காணப்பட்டு அந்த ஊர்ப்பெயரையே சுமக்கும் இந்நோய், கோடை தொடங்கும்போது ஒரு தெருவையே காலி செய்யும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி என்பது வழக்கமான முறை. பொரிப்பகத்திலிருந்து ஒரே நாளில் பிறந்து வந்த குஞ்சுகளுக்கு இந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவைப்பது எளிது. அடைக்கோழிகள் வெவ்வேறு வாரத்தில் பொரிக்கும் முற்றத்தில் எந்தக் குஞ்சுக்கு எத்தனை நாள் என்பதே குழம்பிவிடும். பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் இந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. ஆனால் முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழியை முகாம் நேரத்தில் பிடித்துத் தருவது இருக்கிறதே, அதற்கு விடிகாலையில் பஞ்சாரத்தைத் தூக்காமல் வைத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கூட்டத்தோடு சேர்க்கும் கட்டத்தில் மறுபடி இரண்டும் நெருங்குகின்றன. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான ஷெல்டரப்-எப்பே சிறுவயதில் வீட்டுக்கோழிகளைப் பார்த்துத் தொடங்கிய குறிப்புகளிலிருந்து, 1920களின் தொடக்கத்தில் அதை அறிவியலுக்குக் கொண்டுவந்தார். தாயோடு வரும் குஞ்சு இந்த வரிசையைத் தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கிறது. பெரிய கோழி நெருங்கினால் தாய் சிலிர்த்து எழும், குஞ்சு பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்தை ஒட்டி ஒருநாள் தாயே குஞ்சுகளைக் கொத்தி விரட்டும். அதற்குள் யாரிடம் ஒதுங்க வேண்டும் என்பது குஞ்சுகளுக்குத் தெரிந்திருக்கும். பல்புக் குஞ்சுகளை ஏற்கெனவே கோழி இருக்கும் கூண்டுக்குள் நேராக விட்டால் இரத்தம் வரும். அனுபவசாலிகள் கூண்டின் நடுவே வலைத்தடுப்பு வைத்து, ஒரு வாரமோ பத்து நாளோ இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஆனால் தொடமுடியாதபடி வைக்கிறார்கள். தாயின் முதுகு செய்வதையும் இந்த வலைத்தடுப்பு செய்வதையும் யோசித்துப் பாருங்கள். பார்க்க விடுவது, தொட விடாதது. பிறகு ஒருநாள் தாயும் விலகுகிறது, தடுப்பும் விலகுகிறது.

வீட்டை அறிமுகம் செய்வதும் அப்படித்தான். கூண்டுக்கு மாற்றிய குஞ்சுகளைச் சில நாள், முடிந்தால் ஒரு வாரம், வெளியே விடாமல் உள்ளேயே அடைத்து வைக்கச் சொல்வார்கள். அதன் பிறகு திறந்துவிட்டால் அந்தியில் தாமே திரும்பும். சந்தையில் வாங்கிவந்த பெட்டையை இரண்டு மூன்று நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து, உள்ளேயே நொய்யும் தண்ணீரும் வைத்து, பிறகுதான் கிராமத்தில் வெளியே விடுவார்கள். எத்தனை ஊர் தாண்டி யாரைக் கேட்டாலும் இந்த ஒரு விதியில் மாற்றம் இல்லை.

தாயில்லாக் குஞ்சு என்பது மின்சாரம் வந்தபின் நேர்ந்த கொடுமை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. எகிப்தில் 2000 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்து வந்திருக்கிறார்கள். எகிப்தியர் முட்டையை எருக்குவியலில் வைத்துப் பொரிப்பதை அரிஸ்டாட்டிலும் எழுதியிருக்கிறார். கைக்கும் கோழிக்கும் நடக்கும் இந்தப் பங்கீடு பழையது.

திருவண்ணாமலைக்கு அதில் தனக்கென்று ஒரு கதையும் உண்டு. ரமண மகரிஷி கொடியிலிருந்து துண்டை எடுக்கும்போது குருவிக்கூடு அசைந்து முட்டையொன்று விழுந்து விரிசல் விட்டதாம். அவர் அதைத் துணியில் சுற்றிக் கூட்டிலேயே வைத்து, நாள்தோறும் எடுத்துப் பார்த்துக் கவனித்துவந்தார் என்றும், விரிசல் கூடிக் குஞ்சும் பொரிந்தது என்றும் ஆசிரமத்தார் சொல்வார்கள். இதில் என்னைக் கவர்வது ஒன்று: அவர் முட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. விரிசலுக்குத் துணி சுற்றியது கை. சூடு கொடுத்தது குருவி.

அப்படிப்பட்ட கூட்டுவேலை கோழியிலும் நடக்கிறது. அடையில் உட்கார்ந்திருக்கும் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிப் பெட்டையின் கீழே, இரவில் சத்தமில்லாமல், பொரிப்பகத்துக் குஞ்சுகளை நுழைத்துவிட்டால் பெரும்பாலும் விடிந்ததும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள் வயதைத் தாண்டிய குஞ்சாக இருந்தால் இது கைகூடுவது கடினம். கைகூடினால் தடுப்பூசிக் கணக்கும் தவறாது, பருந்துப் பாடமும் தவறாது. வனராஜா, கிராமப்பிரியா போன்ற, ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய இனங்கள் அடைக்கு உட்காரும் வழக்கத்தை ஏறக்குறைய மறந்தவை, அவற்றை வளர்க்கிறவருக்கு ஒரு சிறுவிடை கட்டாயம் வேண்டும். நான் யாருக்காவது வழி சொல்ல நேர்ந்தால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கூண்டை விரும்புகிறவர் இதில் ஒரு தொல்லையை எதிர்பார்க்க வேண்டும். முற்றத்தில் தானே வளர்ந்த பெட்டை, குஞ்சுகள் பறக்கப் பழகியதும், அவற்றைக் கூட்டிக்கொண்டு முருங்கைமரத்திலோ வேம்பிலோ ஏறி அடையும். சவ்வாது மலையில் இன்றும் அந்தியானால் காட்டுக்கோழி செய்வது அதுவேதான். நம் வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்குரிய மரபணுவே, சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வராமல், தென்னிந்தியச் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மரமேறும் நினைப்பு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. பெட்டை மரத்தில் அடைந்தால் எவ்வளவு நல்ல கூண்டும் வெறும் தகரம்தான்.

இதற்கு வழி அடுத்த தலைமுறையில் கிடைக்கிறது. கூண்டில் பழகிய சிறுவிடைக் குஞ்சு பெட்டையாகி, அடை உட்கார்ந்து, பொரித்தால், அது தன் குஞ்சுகளை மரத்துக்கு அழைத்துப் போவதில்லை. தனக்குத் தெரிந்த கூண்டுக்கே அந்தியில் கொண்டுவந்து சேர்க்கிறது. பருந்துக்குக் குரல் கொடுக்கிறது, கரையானுக்குக் கூப்பிடுகிறது, இருட்டியதும் வெல்டு மெஷ்ஷுக்குப் பின்னால் சிறகை விரிக்கிறது. அந்த நாளில் கூண்டுக்காரருக்கு மிச்சமிருப்பது ஒரே வேலை. ஏணிமேல் இருக்கும் அடைப்பெட்டியைத் தரைக்கு இறக்கி வைக்க வேண்டும், ஒருநாள் குஞ்சுகளுக்கு அந்த ஏணியில் கால் எட்டாது.